ஏட்டுச் சுரைக்காய்

தூத்துக்குடியில் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தால் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று கடலுடையது. அது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருப்பது. மற்றொன்று அருகம்புல்லை அரைத்த பச்சை வாசனை. இது பின்னால் வந்து சேர்ந்தது. ரோச் பூங்காவின் பக்கம் நடைப்பயிற்சி முடித்துத் திரும்புகிறவர்கள் சிறு எவர்சில்வர் தம்ளர்களில் அந்தப் பச்சைச் சாற்றை வாங்கி நின்றபடியே குடிப்பார்கள். குடிக்கும்போது அவர்கள் முகங்களைப் பலமுறை கவனித்திருக்கிறேன். யாரும் ருசிப்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி, ஒரே மடக்கில் உள்ளே தள்ளிவிட்டு, ஒரு கடமையை நிறைவேற்றிய திருப்தியோடு தம்ளரைத் திருப்பிக் கொடுப்பார்கள். சிறுவயதில் விளக்கெண்ணெய் குடித்த முகம் அது.

இந்த முகத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு ஆண்டுகள் அந்த முகம் எனக்கும் இருந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை ஒன்றில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை ஒன்று எழுதினார். உறவினர் ஒருவர் அதைவிட உறுதியான ஒன்றைக் கொடுத்தார். முப்பத்திரண்டு பக்கச் சிறு புத்தகம். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சாறுகள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. திங்கள் சுரைக்காய், செவ்வாய் தடியங்காய், புதன் வாழைத்தண்டு, வியாழன் பாகற்காய் என்று போகும். ஒவ்வொரு சாறுக்கும் எதிரே அது தீர்க்கும் நோய்கள். சாறு எடுக்கும் முறை ஒரு வரி. நோய்கள் எட்டு வரி. நான் அந்தப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் என்று ஒழுக்கமாகத் தொடங்கினேன்.

ஒரு திங்கட்கிழமை சுரைக்காய்ச் சாறு கசந்தது. சுரைக்காய் கசக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் திங்கட்கிழமைக்கு அதுதான் எழுதியிருந்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த வாய்க்குத் தயாரானபோது அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

"என்னல, மூஞ்சி அப்படிப் போவுது?"

"கசக்கும்மா."

"சொரக்கா கசக்குன்னா துப்ப வேண்டியதுதானல. முழுங்கவா செய்வாக?"

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்மா."

"சொரக்கா எப்பல மருந்தாச்சு? அது கூட்டுக்குள்ள காயில்லா. நறுக்கயில நுனிய நாக்குல வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தோல்சீவி, துண்டு போட்டு, நேராக மிக்ஸியில் போட்டிருந்தேன். அம்மா எழுந்துவந்து தம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டினாள். அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது. ஒரு வாய்க்கே இந்தப் பாடு. முழுத் தம்ளரும் உள்ளே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

*

2010ஆம் ஆண்டு தில்லியில் ஐம்பத்தொன்பது வயது அறிவியலாளர் ஒருவர் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்துவிட்டு இறந்துபோனார். உடன் குடித்த மனைவி மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். அவர்கள் இருவரும் சில ஆண்டுகளாகவே அந்தச் சாற்றைக் குடித்து வந்தவர்கள். அன்று மட்டும் அது வழக்கத்தைவிடக் கசந்திருக்கிறது. கசந்தும் குடித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் அறிவியல் படித்தவர். எது சோதனை, எது நம்பிக்கை என்று வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்தவர். அவருடைய நாக்கு அன்று காலை சரியான செய்தியைத்தான் சொல்லியிருக்கும்.

அதையும் அதையொத்த பிற நிகழ்வுகளையும் ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் கருத்துகள் 2012இல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. சுரை, பூசணி, வெள்ளரி, பீர்க்கு, புடல் ஆகியவை ஒரே குடும்பத்துக் கொடிகள். பூச்சிகளிடமிருந்தும் மேயும் விலங்குகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள இவை குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்குகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காய்களின் விதையையே எடுத்து விதைத்து, மனிதன் அந்தக் கசப்பைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியிருக்கிறான். ஆனால் கொடி அதை மறந்துவிடவில்லை. கடும் வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, காட்டுக்கொடியின் மகரந்தம் கலப்பது என்று ஏதேனும் ஒரு காரணத்தால் கசப்பு திரும்பி வரலாம். வெளியே பார்த்தால் தெரியாது. அதே பச்சை, அதே பளபளப்பு. கசந்த காயின் சாற்றைக் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிதல் என்று போகும். இதற்கென்று தனியான மாற்று மருந்து கிடையாது. குழு பொதுமக்களுக்குச் சொன்ன அறிவுரை மிக எளியது. சாறு எடுப்பதற்கு முன் ஒரு சிறு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் எறிந்துவிடுங்கள். பிற சாறுகளோடு கலக்காதீர்கள். குடித்தபின் குமட்டலோ வேறு தொந்தரவோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் அறிவுரையைப் படித்ததும் அம்மா நினைவுக்கு வந்தாள். நாட்டின் மிக உயர்ந்த மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து சொன்னதும், எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவள் அடுக்களைத் திண்ணையிலிருந்து சொன்னதும் ஒன்றே. இதை வைத்துப் பாட்டிமார்களின் அறிவு எல்லாவற்றையும் மிஞ்சியது என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அம்மா சொன்ன கைவைத்தியங்களில் பலிக்காதவை பல உண்டு. இந்த ஒன்றில் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது. ஏனென்றால் இருவருமே காயைத்தான் பார்த்தார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன்.

இது நம் நாட்டுக்கு மட்டுமான சங்கதியும் அன்று. 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் எழுபத்தொன்பது வயது முதியவர் ஒருவர், அண்டை வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சீமைச் சுரைக்காய் ஒன்றைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இறந்தார். சமைத்தால் அந்தக் கசப்பு அழிந்துவிடாது. அவருடைய மனைவி, கசக்கிறது என்று சொல்லிக் கொஞ்சமாகச் சாப்பிட்டார். பிழைத்துக்கொண்டார். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்ற ஒழுக்கம் ஒருவரைக் கொன்றது. நாக்கின் பேச்சைக் கேட்டது இன்னொருவரைக் காப்பாற்றியது.

*

தமிழுக்கு இந்த விஷயம் நெடுநாளாகவே தெரியும். பேய்ச்சுரை என்று ஒரு சொல் இருக்கிறது. பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கும்மட்டி என்று அந்த வரிசை நீளும். எல்லாமே அந்தக் குடும்பத்தின் கசந்த கிளைகள். அகராதி எழுதியவர்கள் வைத்த பெயர்களா இவை? கடித்துப் பார்த்துத் துப்பியவர்கள் வைத்த பெயர்கள். பேய் என்ற முன்னொட்டு ஒரு எச்சரிக்கைப் பலகை. வெள்ளரிக்காயின் முனையை நறுக்கி, வெட்டுவாயில் வைத்துத் தேய்த்து நுரை வரவழைக்கும் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அப்படித் தேய்ப்பதால் கசப்பு போய்விடுமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சடங்கு, காயை அறுக்கிறவரை ஒரு நொடி நிறுத்திவைத்து, 'இது கசக்கக் கூடும்' என்று நினைக்கவைக்கிறது. அந்த ஒரு நொடிதான் முக்கியம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியைப் பள்ளியில் எத்தனையோ முறை விரிவாக எழுதியிருக்கிறேன். அனுபவமில்லாத கல்வி பயன்படாது என்று பொருள் சொல்லி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆயிரம் காய்கள் இருக்க அந்தப் பழமொழிக்குச் சுரைக்காய் ஏன் கிடைத்தது என்று அப்போது யோசித்ததில்லை. காரணம் வேறாகவே இருக்கலாம். ஆனால் இப்போது எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. ஏட்டில் எழுதிய சுரைக்காய் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். சந்தையில் வாங்கிய சுரைக்காய் ஒவ்வொன்றும் வேறு.

காமராஜர் காய்கனி மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கூட்டு வைக்கவங்க கசக்குன்னு திருப்பிக் கொண்டாந்து சண்டை போடுவாங்க சார். ஜூஸ் போடுதவங்க ஒருத்தர்கூடக் கொண்டாந்ததில்லை" என்றார். இந்த ஒரு வாக்கியம் நான் சொல்ல வருவதை எல்லாம் சொல்லிவிடுகிறது.

*

காய்கறி அடுக்களையில் இருக்கும்வரை அதை நாம் நாக்கால் ஆள்கிறோம். உப்புக் குறைந்தால் சேர்க்கிறோம், முற்றியிருந்தால் ஒதுக்குகிறோம், கசந்தால் எறிகிறோம். அதே காய் சாறாகி மருந்து என்ற பெயரைப் பெற்றதும் அது நம்மை ஆளத் தொடங்குகிறது. மருந்தின் முன் நாக்குக்கு உரிமை இல்லை. கசப்பு என்பது குற்றமாக இருந்தது போய், வீரியத்துக்கான சான்றாகிவிடுகிறது. எவ்வளவு கசக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்த இடமாற்றத்தில்தான் ஆபத்து நுழைகிறது என்பது என் எண்ணம். மிக்ஸியிலோ சுரைக்காயிலோ அது இல்லை.

மரபு மருத்துவம் இப்படிச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சித்த மருத்துவத்தில் உள்மருந்துகள் முப்பத்திரண்டு வகை. அந்தப் பட்டியலே சுரசம், சாறு, குடிநீர், கற்கம் என்றுதான் தொடங்குகிறது. எனவே சாறு மருந்துதான், ஐயமில்லை. ஆனால் அதே மரபு ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுளும் குறித்திருக்கிறது. சாற்றின் ஆயுள் ஒரு சாமம். அதாவது மூன்று மணி நேரம். அதற்குமேல் அதைத் தொடக்கூடாது. பற்பமும் செந்தூரமும் ஆண்டுக்கணக்கில் நிற்க, சாறு மூன்றே மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. இந்த ஆளுக்கு, இந்த நோய்க்கு, இந்த அளவு, இவ்வளவு நாள் என்று வரையறுத்துக் கொடுப்பதும் அந்த மரபுதான். மூலிகையைப் பறித்தவன், பிழிந்தவன், கொடுத்தவன் எல்லாரும் நோயாளியின் முன்னால் இருந்தார்கள். சனிக்கிழமை இரவே பிழிந்து புட்டிகளில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு அடுக்கிவைக்கும் நாம், அந்த மரபின் பெயரைச் சொல்ல என்ன உரிமை பெற்றிருக்கிறோம்?

உண்மையில் இன்றைய சாறு மோகத்தின் தாய்வீடு வேறு. நார்மன் வாக்கர் என்பவர் 1936இல் அமெரிக்காவில் பச்சைக் காய்கறிச் சாறுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இன்ன நோய்க்கு இன்ன சாறு என்ற அட்டவணைகளுக்கெல்லாம் அது மூதாதை. சாறு பிழியும் இயந்திரம் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். அவருடைய அன்பர்கள் அவர் நூற்றுப்பத்தொன்பது வயதுவரை வாழ்ந்தார் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அவர் 1886இல் பிறந்து 1985இல் இறந்தார். தொண்ணூற்றொன்பது. அதுவே யாரும் பொறாமைப்படத்தக்க வயதுதானே? அதற்குமேல் இருபது ஆண்டுகளை ஏன் ஒட்ட வேண்டும்? சாறு நல்ல உணவு என்று சொன்னால் போதுமான இடத்தில், அது எல்லாம் தீர்க்கும் என்று சொல்ல வைக்கும் அதே பேராசைதான் அந்த இருபது ஆண்டுகளையும் ஒட்டியது.

நெல்லைச் சீமையில் இயற்கை உணவு இயக்கத்துக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. பொதிகை அடிவாரத்துச் சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமத்துக்குப் போய்த் தங்கி, தேங்காயும் பழமும் தின்று, எடை குறைந்து, முகம் தெளிந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அங்கே சாற்றோடு சேர்ந்து வேறு பலவும் நடந்தன. இனிப்பும் எண்ணெயும் நின்றன. நடை கூடியது. தூக்கம் வந்தது. கவலை சற்றே தள்ளி நின்றது. வீட்டுக்குத் திரும்பியதும் நாம் இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஏனென்றால் அதுதான் எளிது. மிக்ஸியின் பொத்தானைத் திருகினால் போதும்.

மிக்ஸியின் பங்கையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்கல்லில் ஆட்டி, துணியில் கட்டிப் பிழிந்த காலத்தில் ஒரு ஆழாக்குச் சாறு எடுப்பதற்குள் கை வலிக்கும். அந்த வலியே ஓர் அளவுகோல். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபின் இயந்திரம் இல்லாத அடுக்களை அரிதாயிற்று. பெண்களின் தோள்வலியைக் குறைத்த வகையில் அது பெரிய காரியம். கூடவே, உணவின் அளவைக் கை தீர்மானித்த காலமும் முடிந்தது. ஒருவரால் ஒரு வேளைக்கு இரண்டு கேரட்டைக் கடித்து மெல்ல முடியும். சாறாக்கினால் ஐந்தாறு கேரட் ஒரு தம்ளருக்குள் போய்விடும், குடித்துமுடிக்க அரை நிமிடம்.

அதில் இழப்பது என்ன? முதலாவது, சக்கை. வடிகட்டியில் தங்கி, குப்பைக்கூடைக்குப் போவதுதான் நார்ச்சத்து. சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏற உதவுவதும், வயிற்றை நிறைப்பதும், குடலுக்கு வேலை கொடுப்பதும் அது. சர்க்கரை நோய்க்காகச் சாறு குடிக்கிற நாம், சர்க்கரை நோய்க்கு மிகவும் தேவையானதை வடிகட்டி எறிகிறோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், கீரை உட்பட நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது. பழத்தைச் சாறாக்காமல் முழுசாகத் தின்னவும் அது சொல்கிறது.

இரண்டாவது, எல்லாருடைய உடலும் ஒன்றல்ல. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. வேகவைத்து நீரை வடிக்கும்போது அதில் ஒரு பகுதி வெளியேறும். பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது முழுவதும் உள்ளே போகும். நாள்தோறும் கீரைச் சாறாகக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்குத் தக்காளிச் சாற்றிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியமே இதயத்தைத் தடுமாறவைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மாத்திரையின் கணக்கு பிசகும். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே பாகற்காய்ச் சாற்றையும் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். இவற்றில் ஒன்றுகூட என்னிடமிருந்த முப்பத்திரண்டு பக்கங்களில் இல்லை. அதில் எல்லாச் சாறும் எல்லாருக்கும் நல்லது.

*

அந்தப் புத்தகத்தில் மிகுதியாக வந்த சொல் நச்சு. உடலின் நச்சை நீக்கும், ரத்தத்தின் நச்சை நீக்கும், குடலின் நச்சை நீக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் இரவுபகலாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன, சாற்றுக்குக் காத்திராமல். ஆனால் நச்சு என்ற சொல்லை எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. காற்றிலும் நிலத்தடி நீரிலும் நஞ்சு கலக்கிறது என்று சொல்லித்தான் தாமிர உருக்காலைக்கு எதிராக இந்த ஊர் மக்கள் போராடினார்கள். 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

நச்சு நீங்க வேண்டும் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊரோடு சேர்ந்து கேட்பது ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தம்ளர் பச்சைச் சாறு குடிப்பது மற்றொன்று. இரண்டாவதில் உயிர்ச்சேதம் இல்லை, அலைச்சல் இல்லை, என் உடம்பு மட்டும் சுத்தமானால் போதும் என்ற நிம்மதியும் உண்டு. அந்த நிம்மதியை நானும் அனுபவித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

எங்கள் ஊரில் நீர்மத்தின் தேவை யாருக்கு மிகுதி என்று யோசித்தால் உப்பளம்தான் கண்ணுக்கு வருகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டுக்கு உப்பு கொடுப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் கரையில் விளைகிறது. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கி, உப்பளத்து மக்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்களுக்கு அந்த வெயிலும் கால் வெடிப்பும் மறக்காது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் 2017 முதல் 2020 வரை நடந்த ஓர் ஆய்வு, அவர்களில் பெரும்பாலோர் வரம்புக்கு மிஞ்சிய வெப்பத்தில் வேலை செய்வதையும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் கண்டது. குடிக்கத் தண்ணீர் போதாது. ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் தாகம் எடுத்தாலும் குடிக்காமலிருக்கும் பெண்கள் உண்டு. சிறுநீரகத்தைக் காக்கும் என்று நான் புதன்கிழமைதோறும் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து உப்பளம் மூன்று கிலோமீட்டர். அங்கே சிறுநீரகத்தைக் காக்கக்கூடியது நிழலும், நல்ல தண்ணீரும், ஒரு கதவுள்ள கழிப்பறையும்.

இந்த ஊர் முன்பு அதைப் புரிந்துகொண்டிருந்தது. கடலோரத்து உப்புநீரைக் குடித்துத் தவித்த நகரத்துக்கு, நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய்வழி கொண்டுவந்தார். இன்றும் முதியவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். தூத்துக்குடி கண்ட மிகச் சிறந்த மருந்து அதுதான் என்று நான் சொன்னால் மிகையாகாது. அது எல்லார் வீட்டுக்கும் வந்தது.

*

இவ்வளவும் சொன்னபின், நான் சாறு குடிப்பதை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. பட்டியலைக் கிழித்தேன், அவ்வளவுதான்.

வாழைத்தண்டு எங்களுக்குச் சொந்தச் சரக்கு. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து குலை வெட்டிய மறுநாளே வந்துவிடும். மேல்பட்டைகளை உரித்துவிட்டு, உள்ளே வெள்ளையாக, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் குருத்துத் தண்டை எடுக்க வேண்டும். வட்டம் வட்டமாக நறுக்கும்போது இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வர வேண்டும். அம்மா அதை ஒரு மோதிரம்போலச் சுற்றிக் கழற்றி வைப்பாள். நறுக்கியதை உடனே மோரில் போட்டால் கறுக்காது. பிறகு அந்த மோரோடும், ஒரு துண்டு இஞ்சியோடும், கொஞ்சம் கொத்தமல்லித் தழையோடும், எங்கள் ஊர் உப்பு ஒரு சிட்டிகையோடும் அரைத்தால் போதும். நான் வடிகட்டுவதில்லை. சற்றுத் திப்பிதிப்பியாக இருக்கும், மென்று குடிக்க வேண்டியிருக்கும். அது கல்லைக் கரைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை வைத்து மனிதருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வெயில் நேரத்துக்கு அது ருசியாக இருக்கிறது, அதனால் குடிக்கிறேன். பதினொரு மணிவாக்கில், சிற்றுண்டிக்குப் பிறகு, ஒரு தம்ளர். மாத்திரையை நிறுத்தவில்லை. என்ன குடிக்கிறேன் என்பதை மருத்துவரிடம் மறைப்பதுமில்லை.

தடியங்காயும் வெள்ளரியும் வாங்கும் நாட்களில் நுனியில் ஒரு சீவலை நாக்கில் வைத்துப் பார்க்காமல் மிக்ஸியைத் தொடுவதில்லை. கேரட் மிஞ்சினால் அரைத்துப் பாலில் கலந்துகொள்கிறோம், சக்கையோடுதான். சுரைக்காய் மட்டும் பழையபடி கூட்டுக்குப் போய்விட்டது. பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்டால் அதன் முன் எந்தச் சாறும் நிற்காது.

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஏழு வயது. நான் வெள்ளரிக்காய் நறுக்கும்போது அருகில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒரு சீவலை நான் வாயில் போட்டுக்கொண்டதைக் கண்டதும், "எனக்கு?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். மென்றாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு தாத்தா" என்றாள்.

மிக்ஸியைப் போட்டேன்.